மலையில் நாங்களே வைத்த நெருப்பு

1

போன வாரத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருஷம் முடிந்தது. மகள் சங்கீதா வேலை முடிந்து வரும்போது சின்னதாக ஒரு கேக் வாங்கி வந்தாள்.

"எதுக்குடி இது, யாருக்குப் பொறந்த நாளு?" என்று கேட்டேன்.

"நீ பிளேன்ல பக்கத்து சீட்டுக்காரர் மடியில வாந்தி எடுத்த நாளும்மா" என்றாள். மருமகன் சிரித்த சிரிப்பில் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

என் பெயர் பச்சையம்மாள். அடி அண்ணாமலைப் பக்கத்தில் வீடு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். நாலு பேர் நடுவில் பேச வராது. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்கக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தவள் நான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

இது ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். சங்கீதா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆள் எடுக்க வந்த ஏஜென்சிக்காரர் நாலைந்து ஊர்ப் பெயரைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டாராம். இவள் யோசிக்காமல் இந்த ஊரைச் சொல்லிவிட்டாள். ஏனென்றால் இந்தப் பெயர் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கிரிவலப் பாதையை ஒட்டி நான் வேலை செய்த நாற்றுப் பண்ணை வாசலில் ஒரு பலகை இருந்தது. "இந்த ஊர் மக்களின் உதவியுடன் மலைக்கு மரம் வளர்க்கிறோம்" என்று எழுதி இந்த ஊர்ப் பெயரைப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு என்னைத் தேடி வரும்போதெல்லாம் அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நிற்பாள். அப்படி வந்து சேர்ந்த ஊர் இது.

இங்கே எதற்கும் ஒரு தாள் வேண்டும். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போனால், நமக்குக் கொடுத்த நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போனாலும் வெளியே நிற்கச் சொல்கிறார்கள். ஐந்து நிமிஷம் பின்னால் போனால் இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். நம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் காலையிலிருந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாலும் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும். இங்கே நாற்காலி இருக்கிறது, பேச ஆள் இல்லை. படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் வந்தது. சங்கீதா "வீட்டில் இருக்கிறார்" என்று எழுதினாள். இருபது வருஷம் மலை ஏறி இறங்கினேனே, அது எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுக்க அந்தப் பாஷையிலேயே இருக்கிறாள். தூக்கத்தில்கூட அதில்தான் முணுமுணுக்கிறாள். போன மாதம் ஊறவைத்த உளுந்தைக் காட்டி, "அம்மா, இதை எடுத்து அந்த... அந்த சுத்தற கல்லு மெஷின்ல போடட்டுமா?" என்றாள். கிரைண்டர் என்கிற பெயர் மறந்துபோயிற்றாம்.

2

செவ்வாய்க்கிழமைகளில் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் எங்களைப் போல வந்தவர்களுக்குப் பாஷை சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஹில்டா என்கிற அம்மா. என்னைவிட வயதில் மூத்தவர், ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரம். அவரைப் பார்த்த முதல் நாளே எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் இருக்கிறது.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். பண்ணையை நடத்திய சார், "நாளைக்கு வெளிநாட்லேர்ந்து பணம் அனுப்பறவங்க வராங்க. எடம் பாக்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் என் கூட்டாளி முனியம்மாவுக்கும் அது போதும். விடிவதற்கு முன்னால் துடைப்பத்தோடு மலை ஏறிவிட்டோம். ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஈரம் காயாமல் இருக்க நாங்களேதான் காய்ந்த இலையையும் வைக்கோலையும் பரப்பி வைத்திருந்தோம். அது எதற்கு என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் விருந்தாளி வரும்போது குப்பை கிடக்கலாமா? ஒரு நாள்தானே என்று அத்தனையும் சுத்தமாகப் பெருக்கி ஓடையில் தள்ளினோம். பிறகு ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கோலம் போட்டோம். முனியம்மா நாலைந்துக்குச் செம்மண்ணும் கட்டினாள்.

சார் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அய்யோ, மூடாக்கு எல்லாம் எங்கம்மா?"

"குப்பையா இருந்திச்சி சார், பெருக்கிட்டோம்" என்றாள் முனியம்மா, பெருமையாக.

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். சார் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். நான் ஓடிப்போய் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அங்கிருந்து பார்க்கிறேன், அந்த உயரமான அம்மா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பிறகு எழுந்துபோய் ஓடையிலிருந்து இலையை இரண்டு கையாலும் அள்ளிவந்து, கோலம் கலையாமல் கன்றின் அடியில் மட்டும் வைக்கிறார். கூட வந்தவர்களும் அள்ளினார்கள். முனியம்மா அவர்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். நான் மத்தியானச் சாப்பாட்டு வரைக்கும் பாறையை விட்டு வரவில்லை.

அந்த ஹில்டாதான் இங்கே எனக்கு வணக்கம் சொல்லக் கற்றுத்தருகிறார்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் காசு என்றால் பெரிய இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து அனுப்புகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். "அவங்களுக்கு இன்னாடி, நோட்டு மெஷின் வீட்லயே வெச்சிருப்பாங்க" என்பாள் முனியம்மா. இங்கே வந்து பார்த்தால், ஹில்டாவின் கம்பளிச் சட்டைக்கு முழங்கையில் ஒட்டுப் போட்டிருக்கிறது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஹில்டாவின் சங்கத்தில் இருக்கிற வயதானவர்கள் வீட்டில் கேக் சுட்டு எடுத்துவந்து, பழைய கோப்பை, பழைய புத்தகத்தோடு சேர்த்துக் கூடத்தில் விற்கிறார்கள். மழையிலும் நிற்கிறார்கள். அந்தக் காசுதான் நம் மலைக்கு வந்துகொண்டிருந்தது. நான் முதுகில் சுமந்த தண்ணீர் கேன், வெட்டுக்கத்தி, கூலி எல்லாம் இந்த கேக்கிலிருந்து வந்தவை. அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு அவர்கள் கேக்கில் ஒரு துண்டு வாங்கி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மாவு கொஞ்சம் வேகவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

3

போன செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனபோது கூடத்துச் சுவரில் புதிதாக ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. நம் மலைச் சரிவு. கருகருவென்று கரி பிடித்துக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு அறிவிப்பு. ஹில்டாவின் முகம் சரியில்லை. நான் போனில் அதைப் படம் எடுத்துவந்து சங்கீதாவைப் படிக்கச் சொன்னேன்.

விஷயம் இதுதான். நம் ஆட்கள் தை மாதம் அனுப்பிய போட்டோ அது. அதைப் பார்த்ததும் மலை தீப்பிடித்துக் கன்றெல்லாம் போய்விட்டது என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். "மலை எப்படி இருக்கிறது?" என்று கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். "எல்லாம் நலம், உங்கள் உதவிக்கு நன்றி" என்று பதில் வந்திருக்கிறது. பணப் பொறுப்பைப் பார்க்கிற கார்ல் என்பவருக்குக் கோபம் வந்துவிட்டது. எரிந்ததைப் போட்டோவிலேயே பார்க்கிறோம், நலம் என்று எழுதுகிறார்களே, இத்தனை வருஷமும் இப்படித்தான் மறைத்தார்களா என்று கேட்டிருக்கிறார். உதவியை நிறுத்துவதா வேண்டாமா என்று அந்த வாரச் சனிக்கிழமையே கூட்டம்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கருப்பு, தீ விபத்து இல்லை. நாங்கள் வைக்கிற தீ. மலையில் மஞ்சம்புல் ஆள் உயரம் நிற்கும். மாசி, பங்குனியில் அது காய்ந்தால் ஒரு பொறி போதும், மலையே போய்விடும். அதனால் தீபக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, புல்லில் பனி இருக்கிற விடிகாலையில், சரிவுக்குக் குறுக்கே ஒரு அகலப் பட்டையாக நாங்களே எரித்துவிடுவோம். இரண்டு ஓரத்திலும் புல்லை அறுத்துவிட்டு, வனத்துறை ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மீறுகிற தீயை அடித்து அணைக்கத் தழைக்கொத்தோடு வரிசையாக நிற்போம். முனியம்மா விரலை எச்சில் பண்ணிக் காற்றைப் பார்ப்பாள். "காத்து அந்தாண்ட போவுது, வைடி" என்பாள். பிறகு கோடையில் எங்கே தீ பிடித்தாலும் அந்தப் பட்டைக்கு வந்ததும் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். போட்டோ எடுத்தவர் பக்கத்தில் நின்று எடுத்துவிட்டார். அதனால் கோடு மாதிரித் தெரியாமல் மலை முழுக்க எரிந்த மாதிரித் தெரிகிறது.

பணம் நின்றுபோனால் முதலில் போவது கோடைக்காவல். முனியம்மாவும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் சித்திரை முடிகிற வரைக்கும் மலையில் காவல் இருப்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இரண்டு வருஷக் கன்றுகளைக் காப்பாற்ற ஆளே கிடையாது.

"நான் போயி சொல்றேன்டி. நீ கூட வந்து அவங்க பாஷையில சொல்லு" என்றேன்.

சங்கீதா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அம்மா, நீ சும்மா இரு. இங்க நான் மத்தவங்களுக்குச் சமமா நின்னு சம்பளம் வாங்கறேன். நீ போயி எங்க ஊருக்குக் காசு குடுங்கன்னு நின்னா நாளைக்கு வார்டுல என்னை எப்படிப் பாப்பாங்க?"

"காசு கேக்கலடி. அது தானா எரிஞ்சது இல்ல, நாங்க எரிச்சதுனு சொல்லணும். அவ்ளோதான்."

"அதை ஒரு மெயில்ல போட்டுக்கலாம்."

"அப்படி எழுதிப் போட்டுத்தான் நம்ம ஆளுங்க பொய்க்காரங்க ஆயிட்டாங்க."

அவள் சோற்றைத் தட்டில் போட்டாள். சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல், "ஆமா, சாம்பார் கேக்கவே வெக்கப்படுவ. கூட்டத்துல எப்படிப் பேசுவ?" என்றாள். நியாயமான கேள்வி. எனக்கும் தெரியவில்லை.

4

சனிக்கிழமை நான் புடவைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெரு முனை வரைக்கும் போய்விட்டேன், பின்னால் செருப்புச் சத்தம். சங்கீதா. "காசுன்ற வார்த்தை உன் வாய்லேர்ந்து வந்தா நான் மொழிபெயர்க்க மாட்டேன்" என்றாள். சரி என்றேன்.

கூடத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். நீளமான மேஜை, கேக் தட்டு, நடுவில் ஒரு மெழுகுவத்தி. கார்ல் எழுந்து பேசினார். அவர் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனுஷர் இல்லை. எரிகிற மலைக்கு எத்தனை வருஷம் கேக் சுடுவது என்று அவர் கேட்டதைச் சங்கீதா என் காதில் சொன்னாள். பேசும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வேறு யாராவது பேச வேண்டுமா என்று ஹில்டா கேட்டார்.

எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பினார்கள். ஒரு வார்த்தை வரவில்லை. தமிழும் வரவில்லை. வாய் இனி வேலை செய்யாது என்று தெரிந்ததும் கை தானாக நீண்டது. காலியான கேக் தட்டை இழுத்தேன். கை துடைக்கிற தாள் இரண்டை எடுத்து, நாலு விரல் இடைவெளி விட்டுத் தட்டில் பரப்பினேன். மெழுகுவத்தியை எடுத்து ஒரு தாளின் ஓரத்தில் வைத்தேன்.

"அம்மா!" என்று கத்தினாள் சங்கீதா.

தாள் குப்பென்று பிடித்தது. எரிந்துகொண்டே வந்தது, இடைவெளிக்கு வந்து நின்றது, அடங்கியது. இந்தப் பக்கத்துத் தாள் வெள்ளையாகவே இருந்தது. நான் அந்த நாலு விரல் இடைவெளியைத் தொட்டேன். பிறகு நடந்துபோய்ச் சுவரில் இருந்த போட்டோவில் அந்தக் கருப்பைத் தொட்டேன்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் கூரையில் இருந்த புகை மணி அலற ஆரம்பித்தது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கார்ல் நாற்காலி மேல் ஏறிக் குடைக் கம்பியால் அதைக் குத்துகிறார், அது நிற்கவில்லை. எனக்கு நன்றாக வருகிற ஒரே ஜெர்மன் வார்த்தை மன்னிப்புக் கேட்கிற வார்த்தைதான். அதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் சங்கீதா மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். ஊரை விட்டு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மணி நின்றதும் அவளே பேசினாள். நான் சொல்லச் சொல்ல, தடுக்காமல் சொன்னாள். "என் அம்மா அந்த மலையில் இருபது வருஷம் வேலை செய்தவர்" என்று அவள் ஆரம்பித்ததாக ஹில்டா பிறகு சொன்னார்.

கார்ல் கேட்டார்: "அப்படியென்றால் நாங்கள் கேட்டபோது ஏன் இதைச் சொல்லவில்லை? எல்லாம் நலம் என்று மட்டும் ஏன் எழுதினார்கள்?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கோம்னுதான் சொல்லுவோம். ஜொரமா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவோம். அது என்ன கருப்புன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க" என்றேன்.

சங்கீதா சொல்லி முடித்ததும் அவர் தாடியைத் தடவினார். "என் அம்மாவும் அப்படித்தான் கடிதம் எழுதுவார்" என்றார். பிறகு விடாமல் இன்னொன்று கேட்டார். நட்டதெல்லாம் உயிரோடு இருக்கிறதா?

சங்கீதா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் அன்றைக்கே பேச்சு முடிந்து உதவி தொடரும் என்று எனக்கும் தெரியும்.

"இல்லிங்க. நட்டதெல்லாம் நிக்கல. நான் இங்க வரதுக்கு முந்தின வருஷம் மேலேர்ந்து தீ எறங்கி ஒரு பக்கம் சுத்தமா போச்சி. நானும் முனியம்மாவும் ஒக்காந்து அழுதோம். அப்புறம் மழைக்கு அதே குழியில மறுபடியும் வெச்சோம். ஆனா நெழல் வந்த எடத்துல புல்லு கம்மி ஆயிடுச்சி. புல்லு கம்மியானா தீயும் கம்மி. அந்தப் பக்கம் இப்ப எரிச்சிக் கோடு போடற வேலையே இல்ல."

கை தூக்கச் சொன்னார்கள். தொடர்வதற்கு எத்தனை பேர் என்று கார்ல் எண்ணினார். திரும்ப எண்ணினார். இருக்கிற உறுப்பினரைவிட ஒரு கை அதிகமாக வந்தது. அது என் கை. எப்போது தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. நான் கீழே இறக்கப் பார்த்தேன், ஹில்டா என் மணிக்கட்டைப் பிடித்து மேலேயே நிறுத்திவிட்டார். "எழுதிக்கொள் கார்ல், புது உறுப்பினர்" என்றாராம்.

தட்டுக் கழுவும்போதுதான் சங்கீதாவை வைத்து அந்தக் கோலக் கதையை ஹில்டாவுக்குச் சொன்னேன். அவர் சோப்புக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். அன்றைக்குப் பாறைக்குப் பின்னால் ஒரு பச்சைப் புடவை முந்தானை தெரிந்ததாம். வெட்கப்படுகிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பார்க்காத மாதிரி இருந்துவிட்டாராம்.

5

மறுநாள் இங்கே மத்தியானம், ஊரில் சாயங்காலம். முனியம்மாவைப் போனில் பிடித்தேன். காவல் முடிந்து இறங்கிக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்கியது. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"இன்னாடி சொல்ற, நீ பேசினியா? கூட்டத்துல?"

"பேசல. கொளுத்தினேன்."

"அடிப்பாவி! இங்க வனத்துறைக்காரர் இல்லாம வத்திப்பெட்டி தொட மாட்ட. அங்க போயி கோயிலாண்டயே கொளுத்தினியா?" அவள் சிரித்த சத்தத்தில் பக்கத்தில் இருந்த பெண்கள் என்னவென்று கேட்பது எனக்குக் கேட்டது. எல்லாருக்கும் சத்தமாகச் சொன்னாள். ஒரே கூச்சல். பிறகு, "அப்ப நீ இப்ப குடுக்கற கட்சியா?" என்றாள்.

"சேத்துட்டாங்க."

"அப்பன்னா உன்கிட்ட ஒண்ணு சொல்லலாம். போன வருஷம் கையுறை அனுப்பினாங்க பாரு, அது ஆம்பள கை அளவுடி. மம்மட்டி புடிச்சா அது தனியா சுத்துது, நான் தனியா சுத்தறேன். முள்ளு உள்ள வந்து குத்துது. யாரும் போடறதே இல்ல, மூட்டையா கட்டி வெச்சிருக்கோம்."

"இத்தினி நாளா ஏன்டி சொல்லல?"

"குடுத்தவங்க கிட்ட போயி பெருசா கீது, சிறுசா கீதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லி, போட்டுக்கினு போட்டோ எடுத்து அனுப்பிட்டோம்."

அந்தப் போட்டோ எனக்குத் தெரியும். கூடத்தில் ஹில்டாவின் மேஜைக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. பன்னிரண்டு பெண்கள் கையை உயர்த்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லிவிட வேண்டும். கையுறை பெரிதாக இருக்கிறது என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று சங்கீதா எழுதித் தந்திருக்கிறாள். காலையிலிருந்து சமையலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. அங்கே நின்றதும் மறந்துபோனாலும் பரவாயில்லை, தாளில் அளவைக் காட்டிவிடலாம். முனியம்மாவின் கையும் என் கையும் ஒரே அளவு, வளையல்கூட மாற்றிப் போட்டுக்கொள்வோம். ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் வைத்து விரல்களை விரித்து அழுத்திக்கொண்டேன். சங்கீதா பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் என் கையைச் சுற்றி மெதுவாகக் கோடு போட்டாள். சுண்டுவிரல் பக்கம் வரும்போது கூச்சமாக இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.